நசுங்கத் தெரிந்த உலோகம்

20 கிலோ எடையுள்ள ஓர் அளவைக் கருவி. அதிர்ச்சி 50 ‘ஜி’யைத் தாண்டினால் உள்ளே ஏதாவது உடையும் என்று அதைச் செய்தவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். லாரியில் ஏற்றும்போதோ இறக்கும்போதோ பெட்டி இடுப்பளவு உயரத்திலிருந்து, 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், சிமென்ட் தரையில் விழலாம். கருவி பிழைக்க வேண்டும். பெட்டியை எப்படிச் செய்வது?

உறுதியான பெட்டியாகச் செய்யலாம் என்றுதான் முதலில் தோன்றும். கணக்குப் போட்டால் அந்த எண்ணம் உடனே கலைந்துவிடும். 1.2 மீட்டரிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4.85 மீட்டர், அதாவது மணிக்குப் பதினேழரை கிலோமீட்டர். அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் பூஜ்யமாகிறது என்பதில்தான் கருவியின் தலையெழுத்து இருக்கிறது. பெட்டி இரும்புபோல இறுகி நின்று, எல்லாமே 2 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், கருவி உணரும் சராசரி அதிர்ச்சி 600 ஜி. தன் எடையைப் போல 600 மடங்கு விசை, 12 டன். பெட்டியில் ஒரு கீறல்கூட விழாமல் இருக்கலாம். உள்ளே இருப்பதோ கிலுகிலுப்பை ஆகியிருக்கும்.

இதே வேகம் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில், சீரான விசையில் தணிந்தால் 50 ஜிக்குள் கதை முடிந்துவிடும். ஆகவே நமக்கு வேண்டியது தூரம். அந்தத் தூரம் முழுவதிலும் ஒரே அளவு விசையோடு எதிர்த்து நிற்கும் பொருளும் வேண்டும். சுருள்வில் இதற்கு உதவாது. தொடக்கத்தில் தொட்டால் அமுங்கும், போகப் போக விறைக்கும், கடைசியில் வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்து கருவியைத் தூக்கியும் எறியும். ஃபோம் ஓரளவுக்கு நல்ல பிள்ளை. ஆனால் அதுவும் அமுங்க அமுங்க இறுகுகிறது. வெயிலில் ஒரு குணம், குளிரில் ஒரு குணம். அலுமினியத் தேன்கூடு இங்கேதான் உள்ளே வருகிறது.

தேன்கூடு என்றதும் ஒவ்வொரு அறுகோணத்தையும் யாரோ மடித்து மடித்து ஒட்டுவதாகக் கற்பனை செய்ய வேண்டாம். முடியின் தடிமனைவிட மெல்லிய அலுமினிய ஃபாயிலில் இடைவெளி விட்டுக் கோடு கோடாகப் பசை பூசுகிறார்கள். ஒரு தாளின் பசைக்கோடு, அடுத்த தாளின் பசைக்கோடுகளுக்கு நடுவில் வரும்படி நூற்றுக்கணக்கில் அடுக்குகிறார்கள். சூட்டிலும் அழுத்தத்திலும் பசை இறுகியதும் அந்தக் கட்டியை வேண்டிய கனத்துக்கு அறுத்து, இரு பக்கமும் பிடித்து இழுக்கிறார்கள். பசை இல்லாத இடமெல்லாம் விரிந்து அறுகோணமாகிறது. ஒவ்வோர் அறுகோணத்திலும் இரண்டு சுவர்கள் மட்டும் இரட்டைத் தாளாக இருப்பதற்கு இந்தச் செய்முறைதான் காரணம். விரித்த பின் அதில் பெரும்பகுதி காற்று. கால் அங்குல அறைகளும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள ஃபாயிலும் கொண்ட வகை கன மீட்டருக்கு 37 கிலோதான் வரும். கெட்டி அலுமினியமோ 2,700 கிலோ.

அறைகள் மேல்நோக்கி நிற்கும்படி இந்தக் கூட்டின் ஒரு துண்டை நிறுத்தி, ஆய்வகத்தில் பொருள்களை இழுத்தும் அமுக்கியும் பார்க்கும் இயந்திரத்தின் இரு தட்டுகளுக்கு இடையே வைத்து நிதானமாக அமுக்குங்கள். திரையில் விசைக் கோடு செங்குத்தாக ஏறும். ஓர் உச்சியைத் தொட்டதும் ‘பொட்’டென்று சரியும். அங்கே சுவர்கள் நெளியத் தொடங்கிவிட்டன என்று பொருள். அதன் பிறகுதான் வேடிக்கை. கோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சிறுசிறு அலைகளோடு கிடையாக ஓடுகிறது. ஒவ்வொரு சிற்றலையும் ஒரு மடிப்பு. ஒரு முனையில் தொடங்கும் மடிப்பு முடிந்ததும் அதற்கடுத்த வரிசை மடிகிறது, பிறகு அதற்கடுத்தது. மடிப்புக் கோடு ஒவ்வொன்றிலும் உலோகம் நிரந்தரமாக வளைவதால் ஆற்றல் வெப்பமாகி ஓய்கிறது, திரும்பி வருவதில்லை. உயரத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் இப்படியே நசுங்கும். அதன் பின் மடிப்புகள் ஒன்றோடொன்று நெருங்கிவிடும். மடிய இடமில்லாமல் போனதும் கோடு சுவர்போல எழும்பும். அந்தச் சுவரில் மோதும் கருவிக்குத் தேன்கூடு இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

கிடையாக ஓடும் அந்தப் பகுதியின் உயரம்தான் வடிவமைப்பாளருக்கு வேண்டிய ஒற்றை எண். அதை முன்கூட்டியே கணிக்க 1963ல் மெக்ஃபார்லாண்ட் என்ற அமெரிக்கர் ஒரு சூத்திரம் கொடுத்தார். 20 ஆண்டுகள் கழித்து, 1983ல், தோமாஷ் வியெர்ஸ்பிட்ஸ்கி மடிப்புகளின் வடிவியலைக் கவனமாகப் பிரித்துப் பார்த்து அதைத் திருத்தினார். சூத்திரம் இங்கே வேண்டாம். அது சொல்வதில் ஒன்று மட்டும் போதும்: நசுக்கும் விசை, ஃபாயிலின் தடிமனுக்கும் அறையின் அகலத்துக்கும் உள்ள விகிதத்தின் ஐந்தில் மூன்று அடுக்கில், தவறு, மூன்றில் ஐந்து அடுக்கில் ஏறுகிறது. மாணவர்கள் பலரும் தலைகீழாக்கிவிடும் இடம் இது. ஃபாயிலை இரட்டிப்பாக்கினால் விசை இரட்டிப்பாவதில்லை, 3.2 மடங்காகிறது. ஃபாயிலையும் அறையின் அளவையும் மாற்றி மாற்றி, வேண்டிய எண்ணை ஏறக்குறைய சொல்லிவைத்துச் செய்துகொள்ளலாம்.

இப்போது நம் 20 கிலோ கருவிக்குத் திரும்புவோம். மேலே சொன்ன வகைத் தேன்கூடு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 5 கிலோ விசையில் நசுங்கும். 50 ஜி என்றால் கருவியின் மீது ஆயிரம் கிலோ விசைக்கு மேல் போகக் கூடாது. ஆகவே அடியில் வைக்க வேண்டிய திண்டின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர், பக்கத்துக்கு 14 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரம். நசுங்க வேண்டிய தூரம் இரண்டரை சென்டிமீட்டர். 70 சதவீதம்தான் பயன்படும் என்பதால் உயரம் மூன்றரை சென்டிமீட்டர். இந்தத் திண்டின் எடை 26 கிராம். இருபது கிலோ கருவியைக் காப்பாற்ற இருபத்தாறு கிராம்!

இந்தக் கணக்கைப் பார்த்த ஒருவர், “எதற்கும் இருக்கட்டும்” என்று பெட்டியின் அடி முழுக்க, 40 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர், தேன்கூட்டைப் பரப்பிவிடுகிறார் என்று வையுங்கள். பரப்பு எட்டு மடங்கு. நசுக்கத் தேவைப்படும் விசையும் எட்டு மடங்கு, 400 ஜி. கருவி உடைந்துபோகும், தேன்கூடு சும்மா மூன்று மில்லிமீட்டர்தான் மடிந்திருக்கும். பாதுகாப்பு விஷயத்தில் தாராளம் இப்படி ஆளைக் கொல்லும் இடங்கள் அபூர்வம். அனுபவமுள்ள பொறியாளர்களும் இங்கே சறுக்குவதற்குக் காரணம், கூடுதலாக வைத்தால் கூடுதல் பத்திரம் என்பது நம் கையில் ஊறிப்போன பழக்கம். சோதனை இல்லாமல் இந்தப் பழக்கம் போகாது.

சரி, சோதனைக்கு வருவோம். முதல் வேலை விசைக் கோட்டின் அந்த ஆரம்ப உச்சியை வெட்டுவது. கிடைக்கோட்டின் விசையைப் போல இரண்டு மடங்குகூட அந்த உச்சி எகிறலாம். 50 ஜிக்குத் திட்டமிட்டவருக்கு முதல் கணத்திலேயே 100 ஜி கிடைக்கும். மருந்து எளிது. திண்டைப் பெட்டியில் வைப்பதற்கு முன்பே இயந்திரத்தில் கொஞ்சம் நசுக்கி, முதல் வரிசையை மடித்துவிடுகிறார்கள். வாங்கிய புதுப் பொருளைக் கொஞ்சம் கெடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கணக்குத் துறைக்கு விளக்குவது சிரமம்.

அடுத்தது கோபுரத்திலிருந்து போடுவது. நிஜக் கருவியை யாரும் முதலில் போடுவதில்லை. அதே எடையுள்ள உலோகக் கட்டியில் முடுக்கமானியைப் பொருத்திப் போடுகிறார்கள். மோதல் பத்து மில்லிநொடியில் முடிந்துவிடும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. திரையில் வருவது அழகான கிடைக்கோடும் இல்லை. கட்டி, திருகு, வயர் எல்லாம் சேர்ந்து ‘கிண்’ணென்று ஒலிக்கும் முள்காடு ஒன்று வரும். அதிலிருந்து உயர் அதிர்வெண்களை வடிகட்டினால்தான் உண்மையான அதிர்ச்சி தெரியும். எந்த அளவில் வடிகட்டுவது? அதிகமாக வடிகட்டினால் உச்சி மழுங்கித் தேர்வில் பாஸ். குறைவாக வடிகட்டினால் ஒலியையே அதிர்ச்சி என்று எண்ணி ஃபெயில். இதனால்தான் கார் மோதல் சோதனைத் துறை வடிகட்டிகளுக்கும் வகுப்பு எண் கொடுத்து வைத்திருக்கிறது. வடிகட்டிய விதத்தைச் சொல்லாமல் ‘இத்தனை ஜி’ என்று மட்டும் எழுதியிருக்கும் சோதனை அறிக்கையை நான் நம்ப மாட்டேன்.

இன்னொரு சிக்கல் கொஞ்சம் நுட்பமானது. உலோகக் கட்டிக்கு உள்ளுறுப்பு கிடையாது. நிஜக் கருவிக்கு உண்டு. உள்ளே இருக்கும் மின்சுற்று அட்டையும் லென்சும் தங்கள் இயல்பான அதிர்வெண்ணில் ஆடக் கூடியவை. திடீரெனத் தொடங்கி ஒரே உயரத்தில் நிற்கும் விசை, அப்படி ஆடும் பாகத்துக்குள் இரண்டு மடங்காகத் தெரியும். இது எந்திரவியலின் பழைய முடிவு. தேன்கூட்டின் கிடைக்கோடு, தூரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பதில் யாராலும் வெல்ல முடியாதது. உள்ளே ஆடும் பாகங்களுக்கோ அதுவே மிக மோசமான வடிவம். 1945ல் ரேமண்ட் மிண்ட்லின் பெல் ஆய்வக இதழில், பொதிமெத்தைகளின் இயக்கவியல் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். பொருளின் மீது விழும் விசையோடு நிற்காமல், பொருளுக்குள் இருக்கும் பாகம் எப்படி ஆடுகிறது என்பதையும் அவர் கணக்கில் சேர்த்தார். 1968ல் ராபர்ட் நியூட்டன் இதைச் சோதனை முறையாக மாற்றினார். கருவியின் தாங்குதிறனைக் கண்டறியும்போதே மேல்தட்டையான விசையைக் கொடுத்து உடைத்துப் பார்த்துவிடு, அப்படிக் கிடைக்கும் எண் எந்த மெத்தைக்கும் பொருந்தும் என்பது அதன் சாரம். ஆக, தயாரிப்பாளர் ‘50 ஜி’ என்று எழுதிக் கொடுத்தால், எந்த வடிவ விசையில் அதை அளந்தார் என்று கேட்டுவிடுவது நல்லது. கேட்காதவர் 25 ஜி என்று வைத்துக்கொண்டு திண்டின் பரப்பைப் பாதியாக்கி, உயரத்தை இரட்டிப்பாக்க வேண்டியதுதான்.

இதுவரை திண்டைப் பற்றிச் சொன்னேன். பெட்டியின் சுவரிலும் இதே தேன்கூடு வேலை செய்கிறது, அடியோடு வேறொரு குணத்தில். அரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடுகள் இரண்டை எடுத்து, நடுவில் 15 மில்லிமீட்டர் தேன்கூட்டை வைத்து ஒட்டினால் ஒரு பலகை கிடைக்கும். அந்த இரு தகடுகளையும் ஒன்றாகச் சேர்த்து 1 மில்லிமீட்டர் தகடாக வைத்திருந்தால் வளையும் அளவோடு ஒப்பிட்டால், பலகையின் விறைப்பு சுமார் 700 மடங்கு. பலகையை வளைக்க முயலும்போது ஒரு தகடு நீளப் பார்க்கிறது, மறு தகடு குறுகப் பார்க்கிறது. இரண்டையும் விலக்கி நிறுத்தி, ஒன்றுக்கொன்று சறுக்காமல் பிடித்துக்கொள்வதே நடுவில் உள்ள கூட்டின் வேலை. சதுர மீட்டருக்கு நான்கு கிலோவுக்குள் எடை அடங்கிவிடும். 12 மில்லிமீட்டர் பிளைவுட் என்றால் ஏழு, எட்டு கிலோ. விமானத்தில் எடைக்கு எடை காசு கொடுத்து அனுப்புகிறவர்கள் தேன்கூட்டுப் பெட்டியைத் தேடுவது இதனால்தான்.

இந்தப் பலகையின் பலவீனம் விளம்பரத்தில் வராது. அரை மில்லிமீட்டர் தோல், கூரான எதற்கும் தாங்காது. ஃபோர்க்லிஃப்டின் நுனி பட்டால் உள்ளே போய்விடும். திருகை நேரே முடுக்கினால் பிடிக்க அங்கே உலோகமே இல்லை. கைப்பிடியும் கீலும் வரும் இடங்களில் அறைகளைக் குடைந்து, எப்பாக்சி ஊற்றி, அதில் உலோக மரையைப் பதிக்க வேண்டும். பெட்டிகள் சோதனையில் தோற்பது சுவரின் நடுவில் அபூர்வம். இந்த மரைகளில்தான், விளிம்புகளில்தான். ஒரு மரையைச் சுற்றி ஈரம் புகுந்தால் அறை அறையாக ஊறிப் பசையைத் தின்னும், கடலோரக் காற்றில் ஃபாயிலையும் தின்னும். தோல் பிரிந்திருப்பது வெளியே தெரியாது. விமானப் பராமரிப்பில் இன்றும் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு: நாணயத்தாலோ சிறு சுத்தியாலோ தட்டிக்கொண்டே போவது. ஒட்டியிருக்கும் இடம் ‘டக் டக்’கென்று கணீரென ஒலிக்கும். பிரிந்த இடம் ‘தொப்’பென்று மொண்ணையாகச் சத்தமிடும். இதற்கென்றே மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் பழகிய காது உள்ள ஆள் நாணயத்தை விடுவதில்லை.

முழுப் பெட்டியையும் சோதிக்க உலகெங்கும் எடுத்தாளப்படுவது அமெரிக்க ராணுவத்தின் 810 எண் தரநிலை. ஆள் தூக்கக் கூடிய எடையென்றால் 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை போட வேண்டும். எட்டு மூலை, பன்னிரண்டு விளிம்பு, ஆறு முகம். கீழே சிமென்ட் தளத்தின் மேல் இரண்டு அங்குலப் பிளைவுட். 26 வீழ்ச்சிகளை அதிகபட்சம் ஐந்து மாதிரிகளுக்குப் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் உண்டு.

தேன்கூட்டுத் திண்டுக்கு இந்தத் தேர்வு ஒத்துவராது. அது ஒரு முறைதான் நசுங்கும். ஒரு முகத்தில் விழுந்து நசுங்கிய திண்டு, மறுபடி அதே பக்கம் விழுந்தால் விசைக் கோடு நேரே சுவர்போல எழும்பிவிடும். மூலையில் விழுந்தால் இன்னும் மோசம்: அறைகளின் அச்சுக்குக் குறுக்கே வரும் விசைக்குத் தேன்கூடு நேராக மடியாமல் சாய்ந்து, எதிர்ப்பைப் பெருமளவு இழந்துவிடும். ஆகவே நல்ல பெட்டிகளில் வேலையைப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். வெளிச்சுவர் தேன்கூட்டுப் பலகை, அது வடிவத்தைக் காக்கிறது. உள்ளே ஃபோமோ ரப்பர் தாங்கிகளோ, அன்றாடத் தட்டுமுட்டுகளுக்கும் எல்லாத் திசைகளுக்கும். நசுங்கும் திண்டு, வாழ்நாளில் ஒரு முறை நேரக் கூடிய பெருவிபத்துக்கு மட்டும். ஒரு முறை பயன்பட்டால் கழற்றி மாற்ற வேண்டும் என்று பெட்டியின் மேலேயே எழுதிவிடுவது உத்தமம்.

நசுங்கும் விசை இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பதால் தேன்கூடு வேறோர் இடத்தில் சோதிக்கும் கருவியாகவே மாறிவிட்டது. கார்களை முன்பக்கம் ஒரு பகுதியில் மட்டும் மோதவிடும் சோதனையில், எதிரே நிற்கும் தடை அலுமினியத் தேன்கூட்டால் ஆனது. எதிரே வரும் இன்னொரு காருக்கு அது பதிலாள். ஐரோப்பிய விதிப்படி அதன் முதன்மைக் கட்டியின் நசுங்கு வலிமை 0.342 மெகாபாஸ்கல். முன்னால் பம்பர்போல இருக்கும் பகுதிக்கு 1.711. பத்து சதவீதம்வரை குறையலாம், கூடவே கூடாது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையத்திலும் இத்தகைய மோதல் சோதனைகளுக்கு வசதி உண்டு. ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு கட்டி காலி.

நசுங்கி அதிர்ச்சியை விழுங்கும் இந்த வேலையை மரத்தில் செய்ய முயன்ற காலமும் உண்டு. 1962ல் நாசா, ரேஞ்சர் வரிசையின் மூன்று விண்கலங்களில் நிலவதிர்வு மானி ஒன்றை அனுப்பியது. மென்மையாக இறங்கும் நுட்பம் அப்போது கைவசம் இல்லை. அதனால் கருவியை 65 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பால்சா மர உருண்டைக்குள் வைத்து, மணிக்கு 130 முதல் 160 கிலோமீட்டர் வேகத்தில் நிலவில் மோதவிடுவதாகத் திட்டம். மோதும்போது கருவியின் நுண்பாகங்கள் ஆடாமலிருக்க அதன் உள்ளே ஹெப்டேன் திரவத்தை நிரப்பியிருந்தார்கள். பால்சாவும் உள்ளுக்குள் ஒரு தேன்கூடுதான், நீள நீளமான வெற்று அறைகள். யோசனை நல்லது, கலங்கள்தான் காலை வாரின. அவற்றில் இரண்டு கலங்கள் நிலவைத் தவறவிட்டன, ஒன்று செயலிழந்த நிலையில் நிலவின் மறுபக்கத்தில் போய் விழுந்தது. உருண்டை நிஜமாகவே தாங்கியிருக்குமா என்பதை நிலவு சோதிக்கவே இல்லை. மரத்தில் இன்னொரு தொல்லை, ஒரு மரத்தின் அடர்த்தி அடுத்த மரத்துக்கு வராது. 1966ல் நிலவில் இறங்கிய சர்வேயர் விண்கலத்தின் பாதங்களிலும் அடிக்கட்டைகளிலும் நசுங்கும் அலுமினியத் தேன்கூடு இருந்தது.

இறங்குகலம் ஒன்றின் காலைச் சோதிப்பதென்றால் தரையையும் சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும். மண் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு தூரம் காலுக்கு மிச்சம். சந்திரயான் சோதனைகளுக்கு நிலவு மண்போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டபோது அது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைத்தது. அங்குள்ள அனார்த்தோசைட் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையின் இனம். அதைப் பொடித்துத்தான் பெங்களூருவில் செயற்கை நிலவுத் தரை அமைத்தார்கள். சந்திரயான் 2 இறங்குகலம் நொடிக்கு 2 மீட்டர் செங்குத்து வேகத்தைத் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டிருந்தது. அது விழுந்து நொறுங்கிய பின் சந்திரயான் 3ன் கால்களை 3 மீட்டருக்கு வலுப்படுத்தினார்கள். கேட்க ஒரு மீட்டர்தான் வித்தியாசம். ஆற்றலோ வேகத்தின் இருமடியில் ஏறுவது. கால்கள் விழுங்க வேண்டியது இரண்டேகால் மடங்கு.

அப்பல்லோவின் நிலவுக்கலத்தில் ஒவ்வொரு காலுக்குள்ளும் தேன்கூட்டு உருளைகள் இருந்தன. முதன்மைக் கால் 32 அங்குலம்வரை சுருங்கலாம் என்று திட்டம். அப்படிச் சுருங்கும்போது காலோடு இணைந்த ஏணி, பாதத்தட்டில் இடித்துவிடக் கூடாதே என்று ஏணியின் கடைசிப் படியைத் தட்டுக்கு இரண்டரை அடி மேலேயே நிறுத்தியிருந்தார்கள். ஆம்ஸ்ட்ராங் 1969ல் மிக மெதுவாக இறக்கியதில் கால்கள் சுருங்கவே இல்லை எனலாம். அப்பல்லோ 15 மட்டும் நொடிக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் தொப்பென்று இறங்கியது. மனிதர் இறங்கிய ஆறு முறைகளில் அதுதான் மிகக் கடினமான இறக்கம். ஆம்ஸ்ட்ராங் கடைசிப் படியிலிருந்து பாதத்தட்டுக்குக் குதித்ததும், நிலவில் கால் வைப்பதற்கு முன் ஒரு வேலை செய்தார்: திரும்பவும் அந்தப் படிக்குத் தாவ முடிகிறதா என்று ஒரு முறை தாவிப் பார்த்தார். கால் அதிகம் நசுங்கவில்லை, ஆனாலும் ஏறிவிடலாம் என்று உள்ளே இருந்த ஆல்ட்ரினுக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்த்தார்.